கம்பெனிக்கு டி.சி. கிடைக்குமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம், திடீரென்று கேட்டான்: "ஏன்டா, ஏதோ ஒரு கம்பெனி அமெரிக்காவுல இருந்து இந்தியாவுக்கு மாறுனதுக்கு ஆயிரத்து முன்னூறு கோடி வரி கட்டுச்சாமே? ஆபீஸ் மாத்துறதுக்கு எதுக்குடா வரி? லாரி வாடகைதானே ஆகும்?"

நான் சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்பெனி ஃபைலிங் வேலை பார்ப்பவன். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். கம்பெனிகள் நாடு விட்டு நாடு மாறும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது, அதற்குத் தோதாகச் சட்டங்களும் ஒவ்வொரு நாடாக மாறிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்கு வளைவுக்கு வளைவு அவனிடம் சொல்லிக்கொண்டே போனதை, வீட்டுக்கு வந்து தேதியும் சட்டப் பிரிவும் சரிபார்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எது மாறுகிறது? அவன் ஆலையை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. குச்சிக்கிழங்கைப் பிடுங்கி ஓரிரு நாளில் அரைக்காவிட்டால் கெட்டுவிடும், அதனால் கிழங்கு விளையும் இடத்தில்தான் ஆலை இருந்தாக வேண்டும். கணக்கு வழக்கு, பேரம், பேங்க் வேலை, என்ன விலைக்கு விற்பது என்கிற முடிவு எல்லாம் சேலம் டவுனில் அவன் வீட்டு மாடியில் நடக்கிறது. இந்த இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: அந்தக் கம்பெனி எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது, எந்தப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறது என்பது. ஆலையும் நகராமல் முதலாளியும் நகராமல் இந்த மூன்றாவது மட்டும் நகர்ந்துவிட முடியும். 'கம்பெனி நாடு மாறியது' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இதைத்தான். ரீடொமிசிலியேஷன் என்பார்கள், நாம் பதிவு மாற்றம் என்றே வைத்துக்கொள்ளலாம். லாரிக்கு இதில் வேலையே இல்லை.

நம் ஊரில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் "சொந்த ஊர் எது?" என்று கேட்போம் இல்லையா, அதே கேள்வியைச் சட்டமும் கம்பெனியிடம் கேட்கிறது, ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் ஒரே பதிலை ஏற்பதில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் பிறந்த ஊரைத்தான் சொந்த ஊர் என்கின்றன. எங்கே பதிவானதோ அந்தச் சட்டம்தான் கம்பெனியை ஆளும், தொழில் எங்கே நடந்தாலும் சரி. ஜெர்மனி போன்ற நாடுகள் நெடுங்காலம் வேறு மாதிரி பார்த்தன: வாழும் ஊர்தான் சொந்த ஊர், நிர்வாகம் எங்கே உட்கார்ந்து முடிவெடுக்கிறதோ அங்கேதான் கம்பெனி இருக்கிறது. வரித்துறைக்கு இந்த இரண்டாவது பார்வை ரொம்பப் பிடிக்கும். இந்தியாவிலும் வெளிநாட்டில் பதிவான கம்பெனியின் முக்கிய முடிவுகள் உண்மையில் இங்கிருந்தே எடுக்கப்பட்டால், வரிக்கணக்கில் அது இந்தியாவில் வசிக்கும் கம்பெனிதான். பேப்பரில் சிங்கப்பூர், மாடியில் சேலம் என்று ஏமாற்ற முடியாது.

சரி, பிறந்த ஊர் எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். என்று 21 எழுத்தில் ஒரு எண் இருக்குமே, அதைப் பாருங்கள். முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிட்டதா இல்லையா என்று சொல்லும், அடுத்த ஐந்து இலக்கம் என்ன தொழில் என்று சொல்லும், அப்புறம் வரும் இரண்டு எழுத்து மாநிலம், அதன் பிறகு பிறந்த வருடம். நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் பதிவானவற்றுக்கு அந்த இரண்டு எழுத்து டி.என். ஆனால் சேலம் கோயம்புத்தூர் பதிவாளரின் எல்லைக்குள் வருவதால் நமக்கு டி.இசட். முதல் முதலாக இந்த வேலைக்கு வந்தபோது நான் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தி, ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது டி.சி. விஷயத்துக்கு வருகிறேன். பையன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு வேலை ஊர் மாறுகிறது. பழைய பள்ளியில் பாக்கியெல்லாம் கட்டி மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம், புதுப் பள்ளியில் கொடுத்து எட்டாம் வகுப்பில் சேர்க்கிறோம். பையன் அதே பையன், படித்த ஏழு வருடமும் கணக்கில் இருக்கிறது. டி.சி. என்று ஒன்றே இல்லாத உலகத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் மாறினால் திரும்ப ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கம்பெனிகளின் நிலைமை உலகத்தின் பல இடங்களில் இன்றும் இப்படித்தான். நாடு மாற வேண்டுமென்றால் இங்கே கலைத்துவிட்டு அங்கே புதிதாகப் பிறக்க வேண்டும். அப்படிச் செய்தால் கம்பெனி பெயரில் இருக்கும் ஒப்பந்தம், லைசென்ஸ், கடன், வழக்கு, டிரேட்மார்க் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புதுக் கம்பெனிக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மறுத்தாலும் அது அங்கேயே நிற்கும். எளிதாக்கும் சட்டம் என்று சொல்வதெல்லாம் சாராம்சத்தில் ஒன்றைத்தான் செய்கிறது: கம்பெனி சாகாமலே ஊர் மாற டி.சி. தருகிறது.

நாட்டுக்குள்ளேயே மாநிலம் விட்டு மாநிலம் மாற இந்தியாவில் இந்த டி.சி. இருக்கிறது, எல்லை தாண்டுவதைப் புரிந்துகொள்ள இதைப் பார்ப்பதே நல்ல வழி. சேலத்துக் கம்பெனி பெங்களூருக்குப் பதிவை மாற்ற வேண்டுமென்றால், 2013 கம்பெனிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், அதாவது எதிராக விழும் ஓட்டைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும். அப்புறம் மத்திய அரசின் மண்டல இயக்குநரிடம் மனு. அதற்கு முன் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் மாநிலத்தில் ஓடும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் விளம்பரம், கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு, இந்த மாற்றத்தால் எந்த ஊழியரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்று உறுதிமொழி, மாநிலத் தலைமைச் செயலாளருக்கு ஒரு பிரதி. கம்பெனி மேல் விசாரணையோ வழக்கோ நிலுவையில் இருந்தால் மாறவே முடியாது. எல்லாம் முடிந்தால் சி.ஐ.என்.-இல் மாநில எழுத்து மாறும், ஆனால் பிறந்த வருடம் மாறாது. பையன் அதே பையன்.

நாங்கள் ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு இதைச் செய்தபோது, பதிவுத் தபால் கைக்குக் கிடைத்த அன்றைக்கே ஒரு நூல் வியாபாரி ஆபீஸுக்கு ஓடி வந்துவிட்டார். கம்பெனி மூழ்கிவிட்டது, கர்நாடகாவுக்கு ஓடப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, அவர் பாக்கிக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்து போனார். அந்தத் தபால் செலவு வீண் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் மாறுகிறவனைப் பார்த்துப் பதறுகிறவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள், அந்தப் பதற்றத்துக்கு ஒரு வழி வைத்துவிட்டுத்தான் மாற விட வேண்டும். எல்லை தாண்டும் சட்டங்களில் பாதிக்கு மேல் இதே கவலைதான்.

ஐரோப்பா இதில் நாற்பது வருடமாகச் சண்டை போட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தப்படி ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டில் கடை விரிக்கச் சுதந்திரம் உண்டு. ஆனால் கம்பெனியே அந்த நாட்டுக் கம்பெனியாக மாறிவிடலாமா? 1988-இல் பிரிட்டனின் டெய்லி மெயில் பத்திரிகைக் கம்பெனி வரிக்காகத் தன் நிர்வாகத்தை நெதர்லாந்துக்கு மாற்றப் பார்த்தது, பிரிட்டிஷ் கருவூலத்தின் அனுமதி வேண்டும் என்று தடை வந்தது, ஐரோப்பிய நீதிமன்றமும் தடை சரி என்றது. கம்பெனி என்பது ஒரு நாட்டுச் சட்டம் பெற்ற பிள்ளை, பெற்றவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

கதை திரும்பியது போல்புட் என்கிற போலந்துக் கம்பெனியின் வழக்கில். எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். போல்புட் 2011-இல் லக்ஸம்பர்க்குக்கு மாறத் தீர்மானம் போட்டு, 2013-இல் அங்கே பதிவும் ஆகிவிட்டது. திரும்பி வந்து போலந்துப் பதிவேட்டில் 'எங்கள் பெயரை நீக்கிவிடுங்கள்' என்று கேட்டால், அங்கே அதிகாரிகள் 'முதலில் கம்பெனியைக் கலைத்த கணக்கைக் காட்டு, அப்புறம் நீக்குகிறோம்' என்றார்கள். கலைக்கவே இல்லையே, உயிரோடு லக்ஸம்பர்க்கில் இருக்கிறதே! டி.சி. வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்று பள்ளிக்கூடம் கேட்டால் எப்படி இருக்கும்? 2017 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், தொழிலை நகர்த்தாமல் பதிவை மட்டும் நகர்த்துவதும் ஒரு சுதந்திரம்தான், அதற்காகக் கலைத்தே தீர வேண்டும் என்று பொதுவாக எல்லாக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்துவிட்டதே தவிர எப்படி மாறுவது என்று நடைமுறை இல்லை. அதை எழுதியதுதான் 2019 நவம்பரில் வந்த ஐரோப்பிய உத்தரவு, 2019/2121 என்று எண். உறுப்பு நாடுகள் 2023 ஜனவரி 31-க்குள் தத்தம் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கெடு. எல்லை தாண்டி உருமாறுவது, இணைவது, பிரிவது மூன்றுக்கும் இதில் வழி இருக்கிறது. இதன் நடுநாயகம் 'முன்சான்றிதழ்' என்கிற ஒன்று. கிளம்பும் நாட்டில் அதற்கென்று வைத்த அதிகாரி, நீதிமன்றமாகவோ நோட்டரியாகவோ பதிவாளராகவோ இருக்கலாம், எல்லாவற்றையும் பார்த்து மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும். நாடுகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் அது கணினி வழியாகவே போய்ச் சேரும் நாட்டுக்குக் கிடைத்துவிடும். டி.சி.யைப் பையன் கையில்கூடக் கொடுப்பதில்லை, தலைமையாசிரியருக்குத் தலைமையாசிரியர் அனுப்பிவிடுகிறார். மோசடிக்காகவோ சட்டத்தைத் தட்டிக்கழிக்கவோ கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் தர மறுக்க வேண்டும்.

அந்த உத்தரவில் பதறுகிற மூன்று கூட்டத்துக்கும் ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்கள். எதிர்த்து ஓட்டுப்போட்ட பங்குதாரர், தன் பங்குக்கு நியாயமான விலை வாங்கிக்கொண்டு வெளியேறலாம். கடன் கொடுத்தவர், கம்பெனியின் மாறும் திட்டம் வெளியான மூன்று மாதத்துக்குள் போய்ப் பிணை கேட்கலாம், அது மட்டுமில்லை, கம்பெனி போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருடத்துக்குப் பழைய நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நம் நூல் வியாபாரி இதைக் கேட்டால் ஒரு டீயோடு திருப்தியாகப் போயிருப்பார், ஏனென்றால் அவர் உண்மையில் பயந்தது பணம் போவதற்குக்கூட இல்லை, பெங்களூர் கோர்ட்டுக்கு அலைவதற்கு.

மூன்றாவது கூட்டம் தொழிலாளர்கள், இது நமக்குக் கொஞ்சம் புதிது. ஜெர்மனியில் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு, 2,000 தாண்டினால் பாதி இடம். இது பிடிக்காத முதலாளி, ஆள் கணக்கு 490-ஐத் தொடும்போது அப்படியே வேறு நாட்டுக்குப் பதிவை மாற்றிவிட்டால்? அதற்காகத்தான் அந்த எல்லையின் ஐந்தில் நான்கு பங்கை, இங்கே 400 பேரை, எட்டிவிட்டாலே தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தை நடத்தித்தான் கிளம்ப வேண்டும் என்று வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் முதலாளிகளை நன்றாகவே அறிந்தவர்கள்.

ஆசியாவில் கதை வேறு, இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகப் பார்வை வருகிறது. சிங்கப்பூர் 2017 அக்டோபர் 11 முதல் வெளிநாட்டுக் கம்பெனிகள் அப்படியே உள்ளே வந்து சிங்கப்பூர்க் கம்பெனியாக மாற வழி திறந்தது. சொத்து 1 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல், ஆண்டு வருமானம் 1 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல், ஊழியர் 50 பேருக்கு மேல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு நிபந்தனையாவது பூர்த்தியாக வேண்டும். ஹாங்காங் 2025 மே 23 முதல் இதே மாதிரி ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. அங்கே பதிவானதும் 120 நாளுக்குள் பழைய நாட்டில் பெயரை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பையன் இரண்டு பள்ளி வருகைப் பதிவேட்டில் இருப்பான். வரிக்காகவும் வசதிக்காகவும் பெர்முடா, கேமன் தீவுகளில் பதிவு செய்துவிட்டு ஹாங்காங்கில் தொழில் நடத்தும் கம்பெனிகளை வீட்டுக்கு அழைப்பதுதான் நோக்கம்.

இரண்டிலும் ஒரு ஒற்றுமை கவனித்தீர்களா? இரண்டுமே உள்ளே வருவதற்கு மட்டும். இந்தச் சட்டங்களின்படி சிங்கப்பூர்க் கம்பெனி வெளியே போக டி.சி. கிடையாது, ஹாங்காங் கம்பெனிக்கும் கிடையாது. எல்லாரும் வாசல் கதவை அகலத் திறந்து கோலம் போட்டு வைக்கிறார்கள், கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். கேமன் தீவுகள், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள், மால்டா, சைப்ரஸ், லக்ஸம்பர்க் மாதிரி வருவதற்கும் போவதற்கும் இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு, ஆனால் அவற்றின் பிழைப்பே அதுதான், பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் நடத்துகிற மாதிரி. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் சேர்த்துக்கொள்வதற்கு முன் 'உன் பழைய நாட்டுச் சட்டம் உன்னை விடுகிறதா?' என்று கேட்கின்றன. விடாத நாட்டில் பிறந்த கம்பெனிக்கு இந்தப் புதுச் சட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்தியா விடாத நாடுகளில் ஒன்று. நம் கம்பெனிச் சட்டத்தில் நாடு மாற நேரடி டி.சி. இல்லை, வருவதற்கும் இல்லை. இருப்பது சுற்றுவழி, இணைப்பு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிநாட்டுக் கம்பெனி இந்தியக் கம்பெனிக்குள் வந்து இணையலாம், எதிர்த்திசை கிடையாது. 2013 சட்டத்தின் 234-ஆம் பிரிவு இரண்டு திசையையும் அனுமதித்தது, 2017 ஏப்ரல் 13 முதல் அது நடைமுறைக்கு வந்தது, ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் அந்நியச் செலாவணி விதிகளைப் போட்டது. ஆனால் வெளியே போகும் இணைப்புக்கு வரிச் சட்டம் கை கொடுக்கவில்லை. இணைந்து மிஞ்சுவது இந்தியக் கம்பெனியாக இருந்தால்தான் பங்கு மாற்றத்துக்கு வரிவிலக்கு. இங்கேயும் அதே கொல்லைக் கதவுதான்.

உள்ளே வரும் இணைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் 'ரிவர்ஸ் ஃப்ளிப்' என்று வருவது பெரும்பாலும் இதுதான், கேட்டால் யாருக்கும் புரிவதில்லை. நம் ஊர்ப் பையன் ஒருவன் பெங்களூரில் செயலி தொடங்குகிறான் என்று வையுங்கள். அமெரிக்க முதலீட்டாளர், 'பணம் தருகிறேன், ஆனால் டெலவேரில் கம்பெனி ஆரம்பி, அந்தச் சட்டம்தான் எனக்குப் பழக்கம்' என்கிறார். டெலவேர் சின்ன மாநிலம்தான், ஆனால் அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான் பதிவு. சரி என்று டெலவேரில் தாய்க் கம்பெனி, அதற்குக் கீழே பெங்களூரில் மகள் கம்பெனி. வேலை, ஆட்கள், வாடிக்கையாளர் எல்லாம் மகளிடம், பங்கு மட்டும் தாயிடம். பத்து வருடம் போகிறது, செயலி வளர்கிறது, இந்தியப் பங்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் போலிருக்கிறது, இந்திய ஒழுங்குமுறை ஆணையங்களும் உரிமையாளர் இங்கேயே இருப்பதைத்தான் விரும்புகின்றன. இப்போது தாயை மகளுக்குள் கரைக்கிறார்கள். டெலவேர்க் கம்பெனி மறைந்துவிடும், அதன் பங்குதாரர்களுக்கு அதற்குப் பதிலாகப் பெங்களூர்க் கம்பெனியின் பங்கு கிடைக்கும். முதுமையில் தாய் மகள் வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொள்வது மாதிரி என்று சொல்லலாம், ஆனால் இங்கே தாய் வந்த அன்றைக்கே காணாமல் போய்விடுகிறாள்.

இதற்கு முன்பெல்லாம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், நம் பக்கத்துக்குச் சென்னை அமர்வு. விசாரணை, ஆட்சேபம், வாய்தா என்று ஒரு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். 2024 செப்டம்பர் 17 முதல் விதி மாறியது. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி, தனக்கு முழுக்கச் சொந்தமான இந்திய மகள் கம்பெனிக்குள் இணைவதாக இருந்தால், தீர்ப்பாயம் வேண்டாம், விரைவு வழியில் மண்டல இயக்குநரிடமே முடித்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியை இரண்டு கம்பெனியும் வாங்க வேண்டும், 90 சதவீதப் பங்குகளை வைத்திருப்பவர்களும் கடன் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். சட்டம் மாற்றவில்லை, ஒரு விதியில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள், அவ்வளவுதான். என் அனுபவத்தில் தொழில் செய்கிறவர்களுக்குப் பெரிய சட்டங்களைவிட இந்த மாதிரிச் சின்ன உட்பிரிவுகள்தான் நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகின்றன.

இனி வரிக்கு வருகிறேன், நண்பனின் கேள்வியே அதுதானே. அவன் படித்தது க்ரோ என்கிற பங்கு வர்த்தகச் செயலிக் கம்பெனியைப் பற்றி. டெலவேரிலிருந்து பதிவை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் அது சுமார் 1,340 கோடி ரூபாய் வரி கட்டியது, பிறகு 2025 நவம்பரில் இங்கே பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் 2022-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய போன்பே விஷயத்தில், முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய் வரி கட்டியதாக நிறுவனரே சொன்னார்.

எதற்கு வரி? இதற்குச் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போக வேண்டும். ஒருவர் சில வருடத்துக்கு முன் 10 லட்சத்துக்கு வெள்ளிக் கட்டி வாங்கிக் கொலுசுப் பட்டறைப் பெட்டியில் வைத்திருக்கிறார், இன்று அது 30 லட்சம் போகும். விற்கவில்லை, அதனால் 20 லட்சம் லாபத்துக்கு வரி கட்டவில்லை, என்றைக்காவது விற்கும்போது கட்டுவார், அரசும் பொறுமையாகக் காத்திருக்கிறது. இப்போது அவர் பெட்டியோடு நாட்டை விட்டுக் கிளம்புகிறார். வெளியே போய் விற்றால் இந்த அரசுக்கு ஒரு பைசா வராது. அதனால் வாசலில் நிறுத்தி, 'இன்றைக்கே விற்றதாக வைத்துக்கொள், 20 லட்சத்துக்கு வரி கட்டிவிட்டுப் போ' என்கிறது. இதுதான் வெளியேறும் வரி, க்ரோ அமெரிக்காவில் கட்டியதும் இந்த மாதிரிதான். கம்பெனிக்குள் இருக்கும் வெள்ளிக் கட்டி என்னவென்றால் பிராண்டு, மென்பொருள், வாடிக்கையாளர் கூட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் எல்லா நாட்டுக்கும் இது கட்டாயம், ஒன்றியத்துக்குள் மாறுகிறவர்கள் ஐந்து வருடத் தவணையில் கட்டலாம். போன்பே விஷயம் கொஞ்சம் வேறு, அங்கே பழைய பங்கைக் கொடுத்துப் புதுப் பங்கை வாங்கியதே விற்பனைக் கணக்கில் வந்து, ஏறியிருந்த மதிப்புக்கு முதலீட்டாளர்கள் இந்தியாவில் வரி கட்டினார்கள். இரண்டிலும் பணம் கைக்கு வருவதற்கு முன்பே வரி வந்துவிடுகிறது, அதுதான் வலி.

ஆகவே கம்பெனிச் சட்டம் எளிதாகிவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு மாறுவதே எளிது என்று நினைத்துவிட வேண்டாம். பதிவேட்டுக் கதவு திறந்தாலும் வரிக் கதவு தனியாக இருக்கிறது. இந்தியாவே இதைத் தெரிந்துதான் ஒரு இடத்தில் இரண்டு கதவையும் சேர்த்துத் திறந்தது: குஜராத்தில் நிதித் தொழிலுக்கென்றே அமைத்த கிஃப்ட் சிட்டி. மொரிஷியஸ், சிங்கப்பூர் மாதிரி இடங்களில் இருக்கும் முதலீட்டு நிதிகள் அங்கே பதிவை மாற்றினால் அந்த மாற்றத்துக்கு வரி இல்லை என்று 2021 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், சலுகைக்கான கெடுவைத் தள்ளித் தள்ளி இப்போது 2030 மார்ச் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அதுவும் உள்ளே வருகிறவர்களுக்கு!

போகிறவர்களைப் பார்த்து அரசுகள் எப்படிக் கோபப்படும் என்பதற்கு ஃபெரோவியல் நல்ல உதாரணம். ஸ்பெயினின் பெரிய கட்டுமானக் கம்பெனி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நெடுங்காலம் பங்கு வைத்திருந்தது. 2023-இல் அது தன் நெதர்லாந்துத் துணைக் கம்பெனிக்குள் இணைந்து நெதர்லாந்துக் கம்பெனியாகிவிட்டது, அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போக அது வசதி என்றார்கள். ஸ்பெயின் அரசு வெளிப்படையாகவே எதிர்த்தது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி தடுக்க வழியில்லை. அமெரிக்காவுக்குள் டெஸ்லா 2024 ஜூனில் டெலவேரிலிருந்து டெக்சாஸுக்குப் பதிவை மாற்றியது வேறு வகைக் கோபம். அங்கே கோபம் போகிறவருக்கு. டெஸ்லாவின் தலைமை நிர்வாகி எலான் மஸ்கின் சுமார் 5,600 கோடி டாலர் ஊதியத் திட்டத்தை டெலவேர் நீதிபதி ரத்து செய்ததும் அவர் மூட்டை கட்டினார். பங்குதாரர் ஓட்டு முடிந்ததும் கம்பெனி டெக்சாஸ் கம்பெனி ஆகிவிட்டது. டி.சி. சுலபமாகக் கிடைக்கும் ஊரில் தலைமையாசிரியர் மாணவனைக் கண்டிக்கவும் யோசிப்பார் இல்லையா, அந்தக் கேள்வியையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மாறுவதை எளிதாக்குவதில் எனக்கு முழுச் சம்மதம் வராததற்குக் காரணம் இதுதான்.

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருக்கும்போது நண்பன் கேட்டான்: "எல்லாம் சரி. நான் சிங்கப்பூருக்கு மாறலாமா? ஆள் அம்பது பேருக்கு மேல இருக்காங்க." கையோடு கணக்குப் போட்டோம். மூன்றில் ஒரு நிபந்தனை பூர்த்தி. 1 கோடி சிங்கப்பூர் டாலர் விற்றுமுதல் வர, அவன் இப்போது அரைப்பதைப் போல நிறைய மடங்கு கிழங்கு அரைக்க வேண்டும். அப்படியே அரைத்தாலும் இந்தியா டி.சி. தராது. அப்படியே தந்தாலும் கிழங்கு ஆத்தூரில்தான் இருக்கும், முடிவெடுக்கும் மாடி சேலத்தில்தான் இருக்கும், வரித்துறை இரண்டையும் பார்க்கும்.

"அப்போ கோயம்புத்தூர் ஆபீஸுக்குக் கீழயே இருந்துட்டுப் போறேன் விடு" என்றவன், பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "ஆமா, இந்த வருஷ கணக்கு ஃபார்ம் எல்லாம் போட்டுட்டீங்கதானே?" என்றான். அவன் கையெழுத்துக்காக மூன்று வாரமாக என் மேஜையில் கிடக்கும் பேலன்ஸ் ஷீட் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.